மறுத்தார் என்றால் எந்த மறுப்பு?

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘அவர் பணம் வாங்கியதை மறுத்தார்.’ ‘அவர் பணம் வாங்க மறுத்தார்.’ முதலாமவர்மேல் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது; நான் வாங்கவே இல்லை என்கிறார். இரண்டாமவரிடம் யாரோ பணத்தை நீட்டுகிறார்கள்; வேண்டாம் என்கிறார். இருவருக்கும் வினைச்சொல் ஒன்றுதான். ‘வாங்கியதை’, ‘வாங்க’ என்று முன்னால் நிற்கும் சொல்லின் வால்தான் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் அந்த வேலையை வினைச்சொல்லே செய்கிறது. முதலாமவர் ‘டினை’ செய்தார். இரண்டாமவர் ‘ரிஃப்யூஸ்’ செய்தார். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்லும் நமக்கு இந்த இடத்தில்தான் கால் இடறுகிறது. எந்த மறுப்பானாலும் கைக்கு எட்டுகிற ஒரே சொல்லான ‘ரிஜெக்ட்’டைப் போட்டுவிடுகிறோம். விசா ரிஜெக்ட், கார்டு ரிஜெக்ட், செக் ரிஜெக்ட், கேஸ் ரிஜெக்ட், ஜாதகம் ரிஜெக்ட்.

பேச்சில் இதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் ஒரு விண்ணப்பத்தை நிரப்பும்போதோ, வங்கியிலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ வந்த தாளைப் படிக்கும்போதோ அப்படி இருந்துவிட முடியாது. அந்தத் தாளில் எந்த மறுப்புச் சொல் இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அடுத்து நீங்கள் எங்கே போகலாம், எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்பதெல்லாம்.

அப்படியானால் ரிஜெக்ட் என்பதற்குச் சரியான பொருள் என்ன? லத்தீனில் ‘எறி’ என்று பொருள்படும் வேர்ச்சொல்லோடு ‘திரும்ப’ என்ற முன்னொட்டு சேர்ந்து பிறந்த சொல் இது. திருப்பி எறிதல். மருந்தை உடம்புக்குள் எறியும் இன்ஜெக்‌ஷனும், வெளிச்சத்தை முன்னால் எறியும் புரொஜெக்டரும் அதே வேரில் வந்தவை. இதை நினைவில் வைத்தால் போதும், எங்கே பயன்படுத்துவது என்று தானே விளங்கிவிடும். எறிய வேண்டுமானால் கையில் ஒரு பொருள் வந்திருக்க வேண்டும். ஒரு விண்ணப்பம், ஒரு சரக்கு, ஒரு யோசனை. அதை வாங்கிப் பார்த்து, இது தேறாது என்று தள்ளுவது ரிஜெக்ட்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தையல் பிசகியதோ நிறம் கொஞ்சம் மாறியதோ, பரிசோதனையில் தேறாத பனியன் அங்கே ‘ரிஜெக்ட் பீஸ்’. காதர்பேட்டைக் கடைகளில் குவிந்து கிடக்கும் துணிகளில் அப்படி வந்தவையும் உண்டு.

மருத்துவமனையிலும் இதே சொல், இதே பொருளில் வருகிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பிறகு மருத்துவர் ‘ரிஜெக்‌ஷன்’ (புதிய உறுப்பை அந்நியப் பொருளாகக் கண்டு உடல் எதிர்ப்பது) என்று சொன்னால், அறுவை சிகிச்சை பிழையாகிவிட்டது என்று கலங்க வேண்டாம். வந்த பொருளை உடல் சோதித்துப் பார்த்து ‘இது என்னுடையதல்ல’ என்று தள்ளப் பார்க்கிறது. அந்த எதிர்ப்பைத் தணிப்பதற்குத்தான் தினசரி மாத்திரை. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அதை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று மருத்துவர்கள் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான்.

சரி, ‘அவன் வர மறுத்தான்’ என்பதற்கு ரிஜெக்ட் போடலாமா? கூடாது. நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை இதுதான். ‘ஹி ரிஜெக்டட் டு கம்’ என்று ஆங்கிலத்தில் வாக்கியமே கிடையாது. வருவது என்பது கையில் வாங்கித் திருப்பி எறியும் பொருளல்ல. அவன் செய்ய வேண்டிய செயல். செயலுக்கு ‘ரிஃப்யூஸ்’ போடுங்கள்: ‘ஹி ரிஃப்யூஸ்ட் டு கம்.’ வர, தர, பேச, கையெழுத்துப் போட என்று தமிழில் ‘மறுத்தார்’ என்பதற்கு முன்னால் அகரத்தில் முடியும் சொல் வந்தால், ரிஜெக்ட்டை மறந்துவிடுங்கள்.

உச்சரிப்பிலும் ஒரு கவனம் வேண்டும். வினைச்சொல்லைச் சொல்லும்போது ‘ரிஃப்யூஸ்’ என்று பின்பாதியில் அழுத்தம் விழும். அதே எழுத்துகளை ‘ரெஃப்யூஸ்’ என்று முன்பாதியில் அழுத்திச் சொன்னால் குப்பை என்று பொருள். வெளியூரில் தொட்டியின்மேல் அந்தச் சொல்லைக் கண்டால், ‘இங்கே எதையும் வாங்க மாட்டோம்’ என்று எண்ணிக் குப்பையைக் கையிலேயே சுமக்காதீர்கள். போடச் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். ரிஜெக்ட்டும் அப்படித்தான். தள்ளுவதைச் சொன்னால் அழுத்தம் பின்னால், தள்ளுபட்ட பொருளைச் சொன்னால் முன்னால்.

இனி, யாரோ ஒன்றைத் தர முன்வருகிறார்கள், நமக்கு வேண்டாம். அப்போது எந்தச் சொல்? இங்கே ரிஜெக்ட், ரிஃப்யூஸ், டிக்ளைன், டர்ன் டவுன் நான்குமே இலக்கணப்படி பொருந்தும். வேறுபடுவது குரல்.

இரண்டு நிறுவனங்களில் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று வையுங்கள். ஒன்றில் சேரப் போகிறீர்கள். மற்றதற்குத் தெரிவிக்க வேண்டும். ‘ஐ ரிஜெக்ட் யுவர் ஆஃபர்’ என்று எழுதினால், ‘நீங்கள் கொடுத்தது தேறாத சரக்கு’ என்று முகத்தில் எறிந்தது போலாகும். ‘ரிஃப்யூஸ்’ என்றால் ‘மாட்டேன் என்றால் மாட்டேன்தான்’ என்ற பிடிவாதம் தொனிக்கும். கடிதத்துக்கு உரிய சொல் ‘டிக்ளைன்’. ஒருபுறமாகச் சாய்ந்து விலகுவது அதன் வேர்ப்பொருள். வந்ததை மதித்து, நன்றி சொல்லி, ஒதுங்கிக்கொள்வது. அந்த வேலையை விட்ட கதையைப் பிறகு நண்பரிடம் சொல்லும்போது ‘டர்ன் டவுன்’ போதும். அது பேச்சு வழக்கு.

இந்தப் பக்குவம் நமக்குப் புதிதல்ல. பந்தியில் இரண்டாம் முறை சாம்பார் வாளி வரும்போது நாம் ‘வேண்டாம்’ என்று சொல்லுவதைவிட ‘போதும்’ என்றுதான் சொல்கிறோம். பரிமாறியவர் மனம் கோணாது. டிக்ளைன் என்பது அந்தப் ‘போதும்’.

மற்றச் சொற்களை அதிகம் விரிக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. ‘ஸ்பர்ன்’ என்பது உதறித் தள்ளுவது. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் காலால் எட்டி உதைப்பது என்றே பொருள். ‘ரிபஃப்’ முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது. ‘பிரஷ் ஆஃப்’ தட்டிக்கழிப்பது. கதை படிக்கும்போது இவை எதிர்ப்படும். விண்ணப்பத் தாளில் வராது.

‘டினை’ அப்படியல்ல. அதற்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று முதலில் பார்த்தது: நடந்ததாகச் சொல்லப்படுவதை இல்லை என்பது. இன்னொன்று, ஒருவருக்கு உரியதைத் தராமல் விடுவது. ‘அமைச்சர் குற்றச்சாட்டை மறுத்தார்’ என்பதற்கும் டினை. ‘அவருக்கு ஜாமீன் மறுக்கப்பட்டது’ என்பதற்கும் டினை. எதைத் தொட்டு வருகிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும். குற்றச்சாட்டு, செய்தி, வதந்தி என்று வந்தால் ‘இல்லை’. நுழைவு, ஜாமீன், உரிமை என்று வந்தால் ‘கிடையாது’.

விமானப் பயணிக்கு இந்த இரண்டாம் பொருள் காசு பெறும். கையில் உறுதியான டிக்கெட் இருந்து, குறித்த நேரத்தில் வந்தும், விமானத்தில் இருக்கையைவிட அதிகம் விற்றுவிட்டதால் உங்களை ஏற்றாமல் விட்டால் அதற்கு ‘டினைட் போர்டிங்’ (ஏறும் உரிமை இருந்தும் ஏற்றாமல் விடுதல்) என்று பெயர். இந்தியாவின் விமானப் போக்குவரத்து விதிப்படி ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தந்துவிட்டால் இழப்பீடு இல்லை. அதற்குமேல் 24 மணி நேரத்துக்குள் தந்தால் 10,000 ரூபாய் வரையிலும், அதையும் தாண்டினால் 20,000 ரூபாய் வரையிலும் இழப்பீடு உண்டு. ஆகவே கவுன்டரில் ‘டிக்கெட் கேன்சல் ஆயிடுச்சு’ என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். உங்களை ஏற்றவில்லை என்பதை அதே பெயரால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விசாவுக்கு வருவோம். இங்கே சொல் பிசகினால் விலை அதிகம்.

அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. உங்களுக்கு எப்போதாவது அமெரிக்க விசா ரிஃப்யூஸ் செய்யப்பட்டதா, எல்லையில் நுழைவு ரிஃப்யூஸ் செய்யப்பட்டதா, அல்லது எல்லையில் நுழைவு விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றீர்களா என்று மூன்றையும் சேர்த்தே கேட்கிறார்கள். ‘எனக்கு ரிஜெக்ட் ஆகவில்லை, ஏதோ பேப்பர் கேட்டார்கள், நான் அப்படியே விட்டுவிட்டேன்’ என்று ‘இல்லை’யைச் சொடுக்குபவர்கள் உண்டு. கூடுதல் ஆவணம் கேட்டோ, மேலும் பரிசீலிக்க வேண்டும் என்றோ 221(ஜி) பிரிவில் உங்கள் விண்ணப்பத்தை நிறுத்தியிருந்தால், சட்டத்தின் கண்ணில் அதுவும் ரிஃப்யூசல்தான். ‘ஆம்’ என்று போட்டு, நடந்ததை இரண்டு வரியில் எழுதுங்கள்.

முன்பு மறுத்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டால் மறுபடியும் மறுத்துவிடுவார்களே என்று பயப்படுகிறீர்களா? மறுப்பு அவர்கள் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. அதிகம் பேர் சந்திப்பது 214(பி) பிரிவு; ‘வேலை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவீர்கள் என்று எங்களுக்கு உறுதிப்படவில்லை’ என்பது அதன் சாரம். அதற்கு மேல்முறையீடு இல்லை. ஆனால் உங்கள் நிலைமை மாறியிருந்தால் மறுபடியும் விண்ணப்பிக்கத் தடையும் இல்லை. வேண்டுமென்றே மறைத்துப் பொய் சொன்னீர்கள் என்று தீர்மானித்துவிட்டால்தான் ஆபத்து. அது நிரந்தரத் தடை வரைக்கும் போகலாம்.

கனடாவின் படிவம் இன்னும் விரிவாகக் கேட்கிறது. கனடாவிலோ வேறு எந்த நாட்டிலோ விசா ரிஃப்யூஸ் செய்யப்பட்டதா, நுழைவு டினை செய்யப்பட்டதா, வெளியேறச் சொன்னார்களா என்று ஒரே மூச்சில் வரும். மூன்று சொல்லுக்கும் மூன்று நிகழ்ச்சி. தூதரகம் விசா தராதது முதலாவது. விசா இருந்தும் விமான நிலையத்தில் உள்ளே விடாதது இரண்டாவது. உள்ளே போன பிறகு அனுப்பிவைத்தது மூன்றாவது. வேறு எந்த நாட்டிலும் என்று இருப்பதால், பல ஆண்டுகளுக்கு முன் இன்னொரு நாடு மறுத்ததையும் அங்கே எழுத வேண்டும். பிரிட்டனின் விண்ணப்பமும் மற்ற நாடுகளின் மறுப்பைக் கேட்கிறது.

கடையில் கார்டைத் தேய்த்ததும் ‘டிக்ளைன்ட்’ என்று வருகிறதே, அதென்ன? உங்கள் வங்கி அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் தரவில்லை என்று பொருள். இருப்பு போதாமல் இருக்கலாம், வரம்பு தாண்டியிருக்கலாம், பின் எண் தவறியிருக்கலாம். கார்டு செத்துவிட்டது என்று அர்த்தமல்ல. ஆனால் சில வேளை கடைக்காரருக்குப் பணம் போகாமலே உங்கள் கணக்கில் மட்டும் கழிந்துவிடும். அது வேறு வகை; தோல்வியுற்ற பரிமாற்றம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இட்ட உத்தரவின்படி, கடையில் கார்டு தேய்த்ததானாலும் ஏடிஎம்மில் பணம் வராமல் போனதானாலும் அந்த நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி தர வேண்டும். புகார் எழுதும்போது ‘டிக்ளைன்ட்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், ‘பணம் கழிந்தது, பரிமாற்றம் முடியவில்லை’ என்று சேர்த்து எழுதுங்கள்.

செக் திரும்பினால் சட்டம் அதை ரிஜெக்ட் என்று சொல்வதில்லை. ‘டிஸ்ஆனர்’ (செக்குக்குப் பணம் தராமல் திருப்புதல்) என்பதே அங்கு வழங்கும் சொல். வங்கி தரும் சிறு தாளில் காரணம் இருக்கும். கணக்கில் பணம் போதவில்லை என்று இருந்தால், அந்தத் தகவல் உங்களுக்குக் கிடைத்த 30 நாளுக்குள் செக் தந்தவருக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் பணம் தரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தரலாம். ‘சும்மா ரிஜெக்ட் ஆயிருக்கு, இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம்’ என்ற எண்ணத்தில் அந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள்.

நீதிமன்றத் தாளைப் படிப்பது கொஞ்சம் கடினம். காரணம், தமிழில் எல்லாவற்றையும் ‘தள்ளுபடி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். துணிக்கடையிலும் தள்ளுபடி, கூட்டுறவுக் கடனிலும் தள்ளுபடி, கோர்ட்டிலும் தள்ளுபடி. உரிமையியல் வழக்கில் இந்த ஒரு சொல்லுக்குக் கீழே குறைந்தது நான்கு நிலைமை இருக்கிறது.

வழக்குமனு ‘ரிட்டர்ன்’ ஆனால், இது எங்கள் எல்லைக்குட்பட்டதல்ல, உரிய நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள் என்று பொருள். ‘ரிஜெக்ட்’ ஆனால், வழக்குக்கான அடிப்படையே மனுவில் தெரியவில்லை, நீதிமன்றக் கட்டணம் போதவில்லை, சட்டமே இந்த வழக்கைத் தடுக்கிறது என்பன போன்ற காரணத்துக்காக வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். குறையைச் சரிசெய்து, காலக்கெடு மிச்சமிருந்தால் அதே விஷயத்துக்குப் புதிய மனுவும் போடலாம். ‘டிஸ்மிஸ்’ என்றால் பெரும்பாலும் உள்ளே விட்டு, இரு தரப்பையும் கேட்டு, உங்களுக்கு எதிராகத் தீர்த்துவிட்டார்கள். அதையே மறுபடி புது வழக்காகப் போட முடியாது, மேல்முறையீடுதான்.

நான்காவது எது? ‘டிஸ்மிஸ்ட் ஃபார் டிஃபால்ட்’ (வாதி வராததால் தள்ளுபடி). குறித்த நாளில் நீங்களோ உங்கள் வழக்கறிஞரோ போகவில்லை, அவ்வளவுதான். வழக்கின் நியாயத்தை யாரும் தொடவில்லை. தக்க காரணம் காட்டி 30 நாளுக்குள் மனுச் செய்தால் பழைய வழக்கையே உயிர்ப்பிக்கலாம். ஊரில் யாரோ ‘உன் கேஸ் தள்ளுபடியாயிடுச்சாம்’ என்று சொன்னதைக் கேட்டு மனமொடிந்து உட்கார்ந்துவிடாதீர்கள். உத்தரவின் நகலை வாங்கி, எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

காப்பீட்டில் வரும் சொல் ‘ரிபுடியேட்’ (பொறுப்பு தன்னுடையதல்ல என்று கைகழுவுதல்). ஆவணம் குறைகிறது என்ற கடிதம் அல்ல இது. கோரிக்கையைப் பார்த்து முடிவெடுத்துவிட்டார்கள். பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். ஆயுள் காப்பீடானால் ஒன்றை மறக்க வேண்டாம்: பாலிசி தொடங்கி, அல்லது இடையில் நின்று புதுப்பிக்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் கடந்த பிறகு, விவரத்தை மறைத்தீர்கள் என்று சொல்லி அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. நிறுவனத்திடம் முறையிட்டும் பயனில்லை என்றால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அதற்கு அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

மறுப்பு என்று எதுவுமே எழுதாமல் மறுப்பது உண்டா? உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் காத்திருக்கச் சொல்லவில்லை. 30 நாளில் முடிவு வரவில்லை என்றால் ‘டீம்ட் ரிஃப்யூசல்’ (மறுத்ததாகவே கொள்ளப்படும் மௌனம்). 31-ஆம் நாளிலிருந்தே முதல் மேல்முறையீட்டுக்கு உங்களுக்கு உரிமை உண்டு; அதற்கும் 30 நாள்தான் கெடு. எழுத்தில் மறுத்தார்களானால், என்ன காரணம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு, யாரிடம் என்ற மூன்றையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லியாக வேண்டும்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு வரும் மின்னஞ்சல்களிலும் மறுப்புச் சொல் இருப்பதில்லை. ‘வேறு விண்ணப்பதாரர்களோடு மேலே செல்ல முடிவு செய்துள்ளோம்’, ‘உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்துக்கொள்கிறோம்’ என்றால் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். அதை நம்பிக் கைவசம் இருக்கும் இன்னொரு வாய்ப்பை விட்டுவிட வேண்டாம். ‘ஆன் ஹோல்டு’ என்றால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு வரி எழுதிக் கேட்பதில் தவறில்லை.

இதற்கு நேர்மாறாக, மறுப்பே இல்லாததை மறுப்பாக எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ரத்த தானம் செய்யப் போகிறீர்கள், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் கீழே இருக்கிறது, அல்லது போன மாதம்தான் பச்சை குத்திக்கொண்டீர்கள். ‘என்னை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க’ என்று திரும்பி வந்து, பிறகு அந்தப் பக்கமே போகாதவர்கள் நிறையப் பேர். அங்கே தாளில் எழுதும் சொல் ‘டிஃபர்’. தள்ளிவைப்பு. கீரையும் பயறும் சாப்பிட்டு, மருத்துவர் சொன்னால் இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்து, அளவு ஏறியதும் மறுபடி போகலாம். பச்சை குத்தியிருந்தால் ஓர் ஆண்டு கழித்து வாருங்கள் என்பார்கள். எப்போது வரலாம் என்று கேட்டு, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு வாருங்கள்.